வாடியோ கல்வீடோ: இணையத்தில் இறங்கு பக்கம் அமைக்கும் முறை

இணையத்தளம் என்பது யாது, அதனால் விளையும் பயன் யாது என்பன இக்காலத்தில் விளக்கம் வேண்டா வினாக்கள். பாடசாலைச் சிறாரும் அவற்றை நன்கறிவர். ஆயின், ஒருவர் தமக்கென இணையத்தில் ஒரு பக்கம் அமைக்கப் புகுங்கால், அதனை எம்முறையில் அமைத்தல் தகும் என்பதிற் தெளிவுடையார் நம்மிடையே சிலரேயாவர். கற்பிட்டிக் கடற்கரையில் விடுதி நடாத்துவோரும், உல்லாசப் பயணிகளுக்கு ஓங்கில் காட்ட வள்ளம் ஓட்டுவோரும், கோயில் திருவிழாக் குழுவினரும், சங்கத்தாரும் தமிழாசிரியரை நாடி வருவது வாசகம் எழுதித் தருமாறு கேட்டற்கே. வாசகம் எழுதி முடிந்தபின்னரே, "இதனைக் கையால் எழுதிய பக்கமாக இடுவதா, வேர்ட்பிரஸ் போன்றதொரு முறைமையில் ஏற்றுவதா?" என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்குக் கணினி வல்லார் கூறும் விடைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களை மனத்திற் கொண்டு கூறப்பட்டவை. தமிழிற் பக்கம் அமைப்போர்க்கு வேறு சில இடர்ப்பாடுகளும் உள. அவற்றையும் உளங்கொண்டு இப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இறங்கு பக்கம் என்பதன் இலக்கணத்தை அறிதல் வேண்டும். ஒரு விளம்பரத்தையோ, நண்பர் அனுப்பிய இணைப்பையோ, தேடுபொறி காட்டிய வரியையோ தொட்ட ஒருவர் முதன்முதல் வந்து சேரும் பக்கமே இறங்கு பக்கமாம். வள்ளத்தில் வருவோன் துறையிற் கால் வைப்பது போன்றது இது. ஊர் முழுவதையும் அவனுக்குத் துறையிலேயே காட்டுதல் வேண்டா. போக வேண்டிய வழி ஒன்றைக் காட்டினாற் போதும். அறையை முன்பதிவு செய்தல், நன்கொடை அளித்தல், விழாவிற்கு வருவதாகப் பெயர் பதிதல் என்றவாறு ஒரு பக்கத்திற்கு ஒரு நோக்கமே உண்டு. நூறு பக்கங்கள் கொண்ட தளத்திற்குப் பொருந்தும் நியாயங்கள் எல்லாம் இவ்வொரு பக்கத்திற்குப் பொருந்தா.

கையால் எழுதும் முறையே மூத்தது. ஜெனீவா நகரின் அருகேயுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்தில் டிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1991ஆம் ஆண்டில் உலகிற்குத் திறந்துவிட்ட முதற்பக்கம் அவ்வாறு எழுதப்பட்டதே. இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு எனச் சொற்களின் இருபுறமும் எச்.ரி.எம்.எல். குறிகளை இட்டு ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துவிட்டால், கேட்டவர்க்கெல்லாம் அக்கோப்பு அவ்வாறே அனுப்பப்படும். இடையில் வேறெதுவும் நிகழ்வதில்லை. அச்சுக்கூடத்தில் ஒரு முறை கோத்து முடித்த பக்கத்தை எத்தனை படி வேண்டுமாயினும் எடுப்பது போன்றதெனலாம்.

மற்றையது உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. இம்முறையிற் பக்கம் என்று ஒன்று முன்கூட்டி இருப்பதில்லை. தலைப்பு ஓரிடத்தும் வாசகம் ஓரிடத்தும் படம் ஓரிடத்துமாகத் தரவுத்தளத்திற் கிடக்கும். ஒருவர் கேட்குந்தோறும் பி.எச்.பி. முதலிய மொழியில் எழுதப்பட்ட நிரல் அவற்றைத் திரட்டி, வார்ப்புரு ஒன்றிற் பெய்து, பக்கமாக்கி அனுப்பும். எழுதுவோர் குறிகளை அறிய வேண்டியதில்லை. படிவத்தில் எழுதிப் பொத்தானை அழுத்தினாற் போதும். 2001ஆம் ஆண்டில் துரூப்பலும், 2003ஆம் ஆண்டில் வேர்ட்பிரசும், 2005ஆம் ஆண்டில் யூம்லாவும் தோன்றின. இவற்றுள் வேர்ட்பிரஸ் ஒன்றே இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றைத் தாங்கி நிற்கின்றது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியவர்கள் 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கைக் கசற்றியரைக் கண்டோர் இம்முறையின் பயனை எளிதில் உணர்வர். ஊருக்கு ஒரு பதிவு, பதிவுகள் எல்லாம் அகரவரிசை, எல்லாம் ஒரே அமைப்பு. அத்தகைய நூலைத் துண்டுப்பிரசுரமாக ஒவ்வொன்றாய் அச்சிட முனைவார் இலர். அதுபோலவே, ஒரு துண்டுப்பிரசுரத்திற்காகக் கசற்றியர் ஒன்றைத் தொடங்குவாரும் இலர்.

நம் பகுதிக்குரிய உவமை ஒன்றாலும் இதனை விளக்கலாம். காற்றின் திசை மாறுங்காலத்துப் பிற கரைகளிலிருந்து இங்கு வந்து தொழில் செய்யும் மீனவர், பருவம் முடியுமட்டும் தங்குதற்குக் கம்பும் கிடுகுங் கொண்டு வாடி அமைப்பர். அவ்வாடிக்கு அத்திவாரம் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் இரண்டொரு நாளில் எழும், வேண்டிய வேலையைச் செய்யும், பருவம் முடியக் கழற்றி எடுக்கலாம். கல்வீடு கட்டுவோனோ அத்திவாரம் இட வேண்டும், கதவு பூட்ட வேண்டும், ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டும். குடும்பம் பெருகுமாயின் கல்வீடே வேண்டும்; மூன்று மாதத் தொழிலுக்காயின் வாடியே சாலும். வாடியிற் தங்கியிருப்பவனை வீடில்லாதவன் என இகழ்தல் அறியாமை.

கையெழுத்துப் பக்கத்தின் விரைவு பற்றிப் பலர் பேசுவர். அதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒபாமா அவர்களின் நன்கொடைப் பக்கங்களை அமைத்தோர், கேட்குந்தோறும் பக்கம் புனையும் பழைய முறையை விடுத்து, முன்கூட்டியே ஆக்கி முடித்த கோப்புகளாக அவற்றை வைத்து, உலகின் பல இடங்களிலுள்ள வழங்கிகளினின்றும் அனுப்பினர். பக்கம் கண்ணிற் தோன்றும் நேரம் முன்னையினும் 60 சதவீதம் விரைவாயிற்று. வந்தோருள் நன்கொடை அளித்தவர் விகிதம் 14 சதவீதம் கூடிற்று. அப்பக்கங்கள் வாயிலாகத் திரண்ட தொகை ஏறக்குறைய 250 மில்லியன் டொலர். ஆறு மாத காலத்தில் 240 ஒப்பீட்டுச் சோதனைகள் செய்து பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருந்தனர் என்பதும் கருதத்தக்கது. அவர்கள் அமைத்ததும் வாடியே. தேர்தல் முடிந்தபின் அதற்கு வேலை இல்லை. எனினும் அதிற் தேர்ந்த பொறியியலாளர் கூட்டம் ஒன்று இரவு பகலாக இருந்தது என்பதை மறந்து, "கையால் எழுதினாற் பணம் குவியும்" என்று முடிவு செய்தல் பேதைமையாகும்.

விரைவு பற்றி இன்னொன்றும் சொல்லல் வேண்டும். யூ.ரி.எப்.-8 என்னும் முறையிற் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும். முந்நூறு சொற்கொண்ட தமிழ்ப் பக்கத்தின் வாசகம் எட்டாயிரம் பைட்டு அளவிற்றாகலாம். கைத்தொலைபேசியால் எடுத்த கடற்கரைப் படம் ஒன்றோ பல இலட்சம் பைட்டு, சிலபோது பல மில்லியன். அப்படத்தைச் சுருக்காமல் இட்டால், கையெழுத்துப் பக்கமாயினும் முறைமைப் பக்கமாயினும் அலைவரிசை மெலிந்த இடத்திற் திறவாது. முதன்மையான படமோ வாசகமோ இரண்டரைச் செக்கனுக்குள் தோன்றுதல் வேண்டும் என்பது கூகிள் நிறுவனம் வகுத்த அளவு. படத்தாற் தோன்றிய தாமதத்திற்கு முறைமையைப் பழிப்பாரையே யான் பெரும்பாலும் கண்டுள்ளேன். தமிழுக்கெனத் தனி எழுத்துரு ஒன்றைப் பக்கத்தோடு அனுப்புவதும் அத்தகைய சுமையே. இற்றைநாட் தொலைபேசிகளிற் தமிழ் எழுத்துரு முன்னரே உண்டு.

இனி, இவ்விடயத்தின் உயிர்நிலைக்கு வருவாம். பக்கம் ஏறிய பின்னர் அதிலுள்ள சொல்லை மாற்றப்போகின்றவர் யார்? இவ்வினாவை முதலிற் கேளாது செய்யும் தெரிவு எதுவும் நிலையாது.

தமிழறியாத ஒருவர் தமிழ்ப் பக்கத்தைக் கையால் அமைத்துத் தருவது நம் நாட்டில் அருமையன்று. அவர் தம் தொழிலில் வல்லவராயிருக்கலாம். ஆனால் நாம் எழுதிக் கொடுத்த வாசகத்தை வெட்டி ஒட்டுங்கால் ஒரு புள்ளி விழுந்துவிட்டால் அவருக்குத் தெரியாது. 'வரவேற்கின்றோம்' என்பது 'வரவேற்க்கின்றோம்' என ஆகி, விடுதியின் முகப்பிற் பெரிய எழுத்தில் நிற்கும். வல்லின மெய்யாகிய றகர ஒற்றின் பின் இன்னொரு மெய் வாராது என்பதைச் சிறுவனும் சுட்டிக் காட்டுவான். ஆனால் அதை மாற்றுதற்கு அவ்வமைப்பாளரையே தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ சென்றிருப்பார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றிருக்கும். ஈராண்டு, மூவாண்டு அப்பிழை அங்கேயே நிற்கும். வழிப்பலகையிற் கண்ட பிழைக்கு மனம் நொந்து பத்திரிகைக்கு எழுதுகின்ற நாம், நம் ஊரவர் பணம் கொடுத்து அமைப்பித்த பக்கத்தில் அதே பிழையைத் தாங்கிக் கொள்கின்றோம். முறைமை ஒன்றிருப்பின், எழுத்தறிந்தவர் எவரும் உட்புகுந்து அரை நிமிடத்திற் திருத்திவிடலாம். தமிழைப் பொறுத்தவரை முறைமையின் தலையாய பயன் இதுவேயென்பது என் துணிபு. அழகிய வார்ப்புருக்களும் ஆயிரம் துணைநிரல்களும் இதன் பின்னரே வைத்து எண்ணத்தக்கன.

ஆயின் முறைமையும் தமிழுக்கு இடையூறு செய்யாமல் விடுவதில்லை. தலைப்பைக் கொண்டே பக்கத்தின் முகவரியை ஆக்கிக்கொள்வது வேர்ட்பிரசின் இயல்பு. முகவரியிற் தமிழ் நேரே நிற்பதுபோற் கண்ணுக்குத் தோன்றினும், உள்ளே பைட்டு ஒவ்வொன்றும் மூன்று உருக்களாக மாற்றப்பட்டே நிற்கும். ஆகவே தமிழ்க் குறி ஒன்று ஒன்பது உருவாகும். 'கற்பிட்டி' என்னும் சொல்லிற் புள்ளியும் விசிறியும் உட்பட ஒன்பது குறிகள். முகவரியில் அது 81 உருவாகும். இவ்வூர்ப் பெயரை வாட்சப்பில் அனுப்பிய முகவரிகளில் நூற்றுக்குறிகளும் எண்களுமாக நீண்டு கிடக்கும் கோலம் பலரும் கண்டதே. முகவரிப் பகுதிக்கு அம்முறைமை ஒதுக்கிய இடமோ 200 உரு. 'கற்பிட்டிக் கடலில் ஓங்கில் காணும் பருவம்' எனத் தலைப்பிட்டால், எண்ணிப் பார்க்க, 'கற்பிட்டிக்-கடலில்-ஓங்கி' என்பதோடு இடம் முடிந்துவிடும். ஓங்கிலைக் காண வந்தவனுக்கு ஓங்கி என்னும் வினையெச்சமே எஞ்சும்! முகவரியைக் குறுக்கி நாமே எழுதிவிட்டால் இவ்விடர் இல்லை; அதற்கு இடமும் உண்டு. ஆனால் அவ்வாறு செய்ய வேண்டும் என்பதை முறைமை சொல்லித் தருவதில்லை.

வார்ப்புருக்களைச் செய்வோர் உரோம எழுத்தையே முன்னிறுத்திச் செய்வர். வரிகளுக்கிடையே அவர் விடும் இடைவெளி நம் எழுத்துக்குப் போதாது. மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகர விசிறியும் ஒன்றோடொன்று முட்டும். பொத்தானின் அகலம் நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்தது. 'முன்பதிவு செய்க' என்பது அதில் அடங்காது இரண்டாய் மடியும். முன்னோட்ட வாசகத்தை இத்தனை பைட்டு என வெட்டும் நிரல், தமிழ்க் குறியின் நடுவே வெட்டி, இறுதியிற் கேள்விக்குறி இட்ட சாய்சதுரம் ஒன்றைக் காட்டும். குறிகளை எண்ணி வெட்டினாலும் நன்மையில்லை. 'பூ' என்பது 'ப' என நின்றுவிடக்கூடும். ஈண்டு ஒரு விந்தை: புள்ளியுடைய மெய்யே முதலெழுத்து, உயிர் அதனோடு சேர உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். யூனிக்கோட்டில் அகரமேறிய ககரம் முதலாய் நிற்க, அதன் பின் புள்ளிக்குறி இட்டு மெய்யாக்குவர். இவ்வொழுங்கு தெரியாதார் கையிற் தமிழ் வாசகம் அகப்படின் புள்ளிகள் உதிர்தல் இயல்பே. கையால் எழுதிய பக்கத்தில் இவ்வனைத்தையும் நாம் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம் என்பது அம்முறையின் பக்கத்து நியாயம்.

தமிழ்ப் பக்கங்களின் நெடுவாழ்வு பற்றி ஆராய்வோர் இரு முயற்சிகளை ஒப்புநோக்குதல் நன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, சுவிற்சலாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூலுக்கு ஒரு கோப்பு என்னும் எளிய வழியை மேற்கொண்டது. தரவுத்தளத்தை நம்பாத அக்கோப்புகளை எவரும் இறக்கிப் படிக்கலாம், படியெடுத்து வைக்கலாம். ஆனால் எழுத்துக்குறி முறை மாறியபோது, முன்னர் ரிஸ்கி முறையிற் கிடந்த நூல்களை யூனிக்கோட்டுக்கு மாற்ற வேண்டிய உழைப்பு நேர்ந்தது. 2005ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களைத் திரட்டத் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் தளமோ மீடியாவிக்கி என்னும் முறைமையில் இயங்குகின்றது. நூல், இதழ், பத்திரிகை, மலர் எனப் பல்லாயிரம் பதிவுகளைப் பலர் சேர்ந்து எழுதுங்கால் அதுவே தக்க வழி. பல்கியது முறைமையை நாடிற்று. தனித்தனி நூலாய் நின்றது கோப்போடு அமைந்தது. இரண்டும் இன்றும் தமிழர்க்குப் பயன்படுகின்றன.

நம் நாட்டிற் கையால் எழுதிய பழைய பக்கங்கள் பல பாமினி எழுத்துருவில் ஆக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாக் கருவியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். கையால் எழுதுவோர், யூ.ரி.எப்.-8 முறையிலேயே கோப்பைச் சேமித்து, அதனை அறிவிக்கும் குறியைக் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இடுதல் வேண்டும். மொழி தமிழ் என்பதையும் தொடக்கத்திலேயே குறித்தல் வேண்டும். படித்துக் காட்டும் கருவியைக் கொண்டு கேட்கும் பார்வையற்றோர்க்கு அது இன்றியமையாதது. இவ்விரண்டையும் வேர்ட்பிரஸ் போன்றன, தளத்தின் மொழி தமிழ் என அமைத்துவிட்டால், தாமே செய்து கொள்ளும்.

ஊர்ப்பெயர் பற்றியும் ஒன்று கூறுவேன். கல் என்னும் நிலைமொழி ஈற்று லகரம், வருமொழி முதற் பகரத்தின் முன் றகரமாய்த் திரியக் கற்பிட்டி ஆயிற்று. இலக்கண முறை இதுவே. எனினும் கல்பிட்டி எனத் தட்டெழுதித் தேடுவோரும் பலர். தலைப்பிற் கற்பிட்டி என்றே இட்டு, வாசகத்துள் ஓரிடத்திற் கல்பிட்டி எனவும் வழங்கும் என்று எழுதிவிட்டால் இருசாராரும் துறை சேர்வர். இதனை எம்முறைமையும் தானாகச் செய்யாது.

மூன்று மொழியிற் பக்கம் வேண்டுவோர் கவனமாய் இருத்தல் வேண்டும். கையால் எழுதின் மூன்று கோப்புகள்; அறைக் கட்டணம் மாறுங்கால் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றிவிட்டுச் சிங்களத்தில் மறந்துவிடுவர். பின்னர் விடுதி வாயிலிற் பூசல் நிகழும். வேர்ட்பிரசின் மூல அமைப்பிற் பன்மொழி வசதி இன்மையின் துணைநிரல் ஒன்றை நாட வேண்டும். துணைநிரல் மிகுந்தால் காவலும் மிக வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களுட் திருடர் புகுவது பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத துணைநிரல் வழியேயாம். 2013ஆம் ஆண்டில் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு திருத்தங்கள் தாமே ஏறுகின்றன. எனினும் ஆளில்லாக் கல்வீட்டிற் பிறர் குடியேறுவதுபோல, கவனிப்பாரற்ற தளத்திற் சூதாட்ட விளம்பரம் குடியேறுதல் உண்டு. வாடியிற் திருடுதற்கு ஒன்றுமில்லை. வழங்கியின் கடவுச்சொல்லைக் காத்துக்கொண்டாற் போதும்.

இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு. 2001ஆம் ஆண்டில் வந்த மூவபிள் ரைப், அதாவது அசையும் அச்சு எனப் பெயரிய முறைமை, எழுதுவோர்க்குப் படிவமும் படிப்போர்க்கு ஆக்கி முடித்த கோப்புமாக வழங்கிற்று. 2008இல் ஜெக்கில், 2013இல் ஹியூகோ என்பனவும் எளிய வாசகக் கோப்புகளை வார்ப்புருவிற் பெய்து பக்கங்களை முன்கூட்டி ஆக்குவன. மேற்கூறிய ஒபாமாவின் பக்கங்கள் ஜெக்கிலால் ஆக்கப்பட்டவையே. மும்மொழிக்கும் விலையை ஓரிடத்தில் எழுதி மூன்று பக்கத்திலும் வருவிக்கலாம். கட்டளைவரி அறிந்த இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால் இதுவே சிறந்தது. அவர் இலராயின் இதனை நினையாதிருத்தலே நன்று.

இனி நேரிற் கேட்போர்க்கு யான் கூறுவது இது. கற்பிட்டியிற் காற்றாடிச் சறுக்குப் பருவம் பெரும்பாலும் மே முதல் ஒக்ரோபர் வரை. ஓங்கில் காணும் பருவம் நவம்பர் முதல் ஏப்பிரல் வரை. வள்ளம் ஒன்று வைத்து ஓட்டுவோரின் பக்கம் ஆண்டில் இருமுறை மாறினாற் போதும். அவர்க்குக் கையால் எழுதிய ஒரே பக்கம், சுருக்கிய படங்கள் இரண்டு, தொட்டால் அழைக்கும் தொலைபேசி எண் ஒன்று ஆகியவையே நிறைவு. விடுதி நடாத்துவோர் அறையின் இருப்பையும் கட்டணத்தையும் அடிக்கடி மாற்றுவர். அவர்க்கு முறைமை வேண்டும், அதனைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். ஆளை வைக்க இயலாதார் முறைமையை வையாதிருக்க. தம் மக்களுள் ஒருவர்க்கு எச்.ரி.எம்.எல். குறிகளைக் கற்பித்தலும் ஒரு வழி. ஒரு பக்கத்தைத் திருத்துமளவு குறிகளைப் பதினோராந் தரத்து மாணாக்கர் ஒரு வாரத்திற் கற்பர்.

பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றிற்குச் செயற்குழு ஆண்டுதோறும் மாறும். அவற்றின் செய்தித்தளம் முறைமையிலும், யூபிலி நிதிக்கான இறங்கு பக்கம் தனிக் கோப்பாகவும் இருத்தல் தகும். விழா நிகழும் ஆண்டைப் பக்கத்தின் தலையிலேயே இடுக. 'எதிர்வரும் சனிக்கிழமை' என்று மட்டும் எழுதிவிட்டுப் பின் கவனியாத பக்கங்கள் எத்தனையோ. தளம் பதிந்த பெயரும் கடவுச்சொல்லும் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இராது சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். செயலாளர் பொறுப்பு ஒப்படைக்கும் நாளிற் கணக்குப் புத்தகத்தோடு அவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைப்பாராக. பக்கத்து வாசகத்தை வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு படியும், தாளில் அச்சிட்டு ஒரு படியும் சங்கத்து அலுமாரியில் வைத்தல் வேண்டும். தாளிலுள்ள படியைத் தமிழாசிரியர் ஒருவர் சிவப்பு மையால் திருத்திய பின்னரே பக்கத்தை ஏற்றுக.